சூடேறியதும் இ-சிகரெட் காயிலின் ஓம் (மின்தடை) தாவுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே, லண்டனில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது நாமே காயில் (சூடேற்றும் கம்பிச்சுருள்) சுற்றிப் போடும் 2 மில்லி டேங்க் அடோமைசர், அதாவது இ-சிகரெட்டில் திரவத்தை ஆவியாக்கும் பகுதி. 26 கேஜ் காந்தல் (சூடேற்றும் உலோகக் கலவை) கம்பி, 3 மி.மீ. உள்விட்டம், 6 சுற்று, ஒற்றைக் காயில். கணக்குப்படி 0.8 ஓம், ஆறியிருக்கும்போது அதையேதான் காட்டுகிறது. பட்டனை அழுத்திச் சூடேறியதும் 1.1 வரை தாவுகிறது, சில நேரம் அடோமைசரே இல்லை என்கிறது திரை.

காந்தல் சூட்டில் இவ்வளவு மாறாது, ஆயிரம் டிகிரியில்கூட நூற்றுக்கு நாலைந்துதான். ஆகவே எங்கோ இணைப்பு தளர்கிறது. திருகுகளை இறுக்கி, மோடுடன் (பேட்டரிப் பகுதி) இணையும் 510 பின்னை ஆல்கஹாலில் துடைத்தாயிற்று; வேறொரு மோடிலும் இதே கதை. பஞ்சில்லாமல் லேசாகச் சூடாக்கினால் காயில் நடுவிலிருந்து சீராகவே சிவக்கிறது. ஆனால் காயில் முனையைப் பிடிக்கும் பாசிட்டிவ் தூணைத் தொட்டால் கொஞ்சம் ஆடுகிறது. அதைச் சுற்றியுள்ள வெள்ளை இன்சுலேட்டர் சூட்டில் சுருங்கியிருக்குமோ?

இதை மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: பீக் (PEEK) பிளாஸ்டிக்கில் வாங்கலாமா, டெஃப்லான் போதுமா? அப்புறம், அடித்திருகை இறுக்கும்போது தூண் சுழன்று டெக்கை (காயில் பொருந்தும் உலோகத் தளம்) தொடாமல் எப்படிப் பிடிப்பது? அங்கே ஷார்ட் ஆனால் 18650 பேட்டரிக்கே ஆபத்து, அதனால் பதில் வரும்வரை கழற்றியே வைத்திருக்கிறேன்.