மறதி நோயும் பழைய வீட்டுச் சூழலும்: உங்கள் வீட்டில் எது உதவியது?

காங்கேயம் பக்கம், இப்போது திருப்பூர்

என் அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் மாடுகளுமாக வாழ்ந்தவர். அல்சைமர் என்று உறுதியான பிறகு தோட்டத்தில் தனியாக விட முடியாமல் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். பகலில் பெரிய தொந்தரவு இல்லை. பொழுது சாய்ந்தால் போதும், வாசல் தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டுவார். "பட்டியைச் சாத்த வேண்டும், விடு சாமி" என்பார். மாடுகளை விற்று வருடக்கணக்காகிறது என்று விளக்கப் போனால் அன்றைய இரவு யாருக்கும் தூக்கம் கிடையாது.

பழைய காலத்துச் சூழலை உருவாக்கினால் மனம் அமைதிப்படும் என்று எங்கோ படித்துவிட்டு, மச்சான் ஒரு கிராமபோனும் பித்தளை விளக்குகளும் வாங்கி வந்து வைத்தார். அப்பா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் எந்தக் காலத்தில் கிராமபோன் இருந்தது? வந்த விருந்தாளிகள்தான் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

உதவியது வேறொன்று. ஊரிலிருந்து பங்காளி ஒருவர் வந்தபோது ஒரு கட்டுக் கத்தாழை நார் கொண்டுவந்தார். அப்பா அதை எடுத்து மோந்து பார்த்தார். தண்ணீர் கேட்டு வாங்கித் தெளித்தார். நுனியைக் கால் கட்டைவிரல் இடுக்கில் கொடுத்து, இரண்டு புரியாகப் பிரித்து, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டத் தொடங்கினார். ஒரு புரி மெலிகிற இடம் வரும்போது பார்க்காமலே இடது கை புது நாரை எடுத்து நுழைக்கிறது. இணைப்பு எங்கே என்று தடவினாலும் தெரியாது. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து திரித்துப் பார்த்தாள். "அம்மணி, முறுக்கு எதிராகப் போகிறது, அவிழ்ந்துவிடும்" என்று வாங்கிச் சரிசெய்து கொடுத்தார். அவள் பெயர் அவருக்குத் தெரியாது. தன் மருமகள் என்பதும் தெரியாது.

இப்போது வெயில் தாழ்ந்ததும் பால்கனியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுவிடுகிறோம், நார் தயாராக இருக்கும். எல்லா நாளும் கைகொடுப்பதில்லை. கொடுக்கிற நாளில் பட்டியின் நினைப்பு வருவதில்லை. திரித்த கயிற்றை ஊருக்கு அனுப்புகிறோம், சோளத்தட்டு கட்டப் பயன்படுத்துகிறார்கள்.

சிங்காநல்லூர்

எங்கள் அப்பா ஸ்பின்னிங் மில்லில் நூற்பு இயந்திரம் பார்க்கும் சைடராக இருந்து ஓய்வு பெற்றவர். மில் சங்கை வைத்தே உலை வைப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் நடந்த காலம் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். கவனித்துக்கொள்கிற வீடுகளில் பெரிய போராட்டம் எது என்று கேட்டால், குளிக்க வைப்பதுதான். "நேற்றுத்தானே குளித்தேன்" என்று அப்பா அடிக்கக் கை ஓங்குவார். என் மகன் சங்கு ஒலி ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்து காலையில் ஒலிக்கவிட்டான். எழுந்தார், துண்டை எடுத்தார், தானாகவே குளியலறைக்குப் போனார். வெளியே வந்து, சோறு கொண்டுபோகும் தூக்குப்போசி எங்கே என்றார். நல்ல வேளையாகப் பரணில் ஒன்று கிடந்தது.

அடுத்த கட்டம் என்ன என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். தூக்குப்போசியோடு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். திண்ணையில் சோற்றைப் பிரித்து வைத்து, "இன்று ஷிப்டை அரை மணி நேரம் தாமதமாக எடுக்கிறார்களாம், சாப்பிட்டுவிடுங்கள்" என்றாள் அம்மா. சாப்பிட்டு முடிப்பதற்குள் வேலைக்குப் போகும் எண்ணம் கரைந்துவிடுகிறது. மாலையில் மட்டும் அந்த ஒலியைப் போடுவதில்லை. இருட்டில் கேட்டைத் தாண்டினால் திருச்சி சாலை.

ஈரோடு, முதியோர் இல்லத்தில் பணிபுரியும் செவிலியர்

இரண்டு அனுபவங்களிலும் வேலை செய்தது பொருளைவிடப் பழக்கம் என்று நினைக்கிறேன். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி அல்சைமரில் தொடக்கத்திலேயே பழுதாகிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறக்கிறது. கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு பகுதிகள் பொறுப்பு, அவை வெகு நாள் தாக்குப்பிடிக்கின்றன. நிகழ்ச்சிகளில் முதியவர்களுக்கு அதிகம் நினைவில் நிற்பவை ஏறக்குறைய பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையே நடந்தவை. இன்று எண்பது வயதானவருக்கு அது 1955 முதல் 1975 வரை. இலங்கை வானொலி கேட்ட காலம், மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளுக்கு மின்மோட்டார் வந்த காலம். கிராமபோன் அவருடைய தாத்தா காலத்துச் சமாசாரம். பலர் 'பழமை' என்றதும் நூறு வருடம் பின்னால் போய்விடுகிறார்கள்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில் 'கிராமத்து அறை' என்று ஒன்று அமைத்தார்கள். சுவரில் வண்டிச் சக்கரம், ஓலைக் கூரை, மூலையில் உரலும் உலக்கையும். முன்னால் ஒரு கயிறு, 'தொடாதீர்கள்' என்று பலகை. உள்ளே யாருமே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அங்கே இருந்த பெரியவர் ஒருவர் பவானியில் ஜமக்காளம் நெய்தவர். வண்டிச் சக்கரம் அவருக்கு என்ன செய்யும்? குழிக்குள் கால் வைத்து நெய்கிற குழித்தறியில் கால் தவறினால் இடுப்பு எலும்பு போய்விடும், அதனால் அதை நாங்கள் யோசிக்கவில்லை. நெசவுக்கு நூலைத் தாராகச் சுற்றுகிற ராட்டை ஒன்றைக் கொடுத்தோம். நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு மேலே சுற்றினார். அவருக்கு அந்த ராட்டையே போதுமாக இருந்தது.

வெளிநாடுகளில் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே வேஸ்ப் ஊரில் 2009இல் தொடங்கிய ஹோகவெய்க் ஒரு கிராமம் போலவே இருக்கும். கடை, தெரு, உணவகம் எல்லாம் உண்டு. வாழ்க்கைமுறை ஒத்துப்போகிறவர்களை ஒரே வீட்டில் குடிவைக்கிறார்கள். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர அருங்காட்சியகத்தில் மறதி நோயாளிகளுக்கென்றே 1950களின் வீடு ஒன்றை அமைத்திருக்கிறார்கள், அங்கே பொருள்களைத் தொடலாம். முதியவர்கள் பழங்கதை பேசுவது வெறும் புலம்பல் அல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இலேயே எழுதினார்.

நோயே குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய நினைவுகளைத் தூண்டும் இந்த முறை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வு, பலன் சிறியது, இடத்துக்கு இடம் மாறுகிறது என்றுதான் சொல்கிறது. என் கணக்கில், சண்டையில்லாமல் ஒரு மாலைப்பொழுது கழிந்தால் அதுவே பலன். இந்தியாவில் மறதி நோயுடன் சுமார் 88 லட்சம் முதியவர்கள் இருக்கலாம் என 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோரை வீட்டுப் பெண்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு மணி நேர ஓய்வு கிடைப்பதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

தாராபுரம்

ஒரு எச்சரிக்கை. எங்கள் அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவை, அவர் பிறந்த வீட்டுக்கே கூட்டிப்போனோம். ஆட்டுக்கல்லைப் பார்த்துச் சிரித்தார். சந்தகை (இடியாப்பம்) பிழியும் மரக்கட்டையைக் கண்டதும் பெயர் சொன்னார். உள் அறைக்குள் போனதும் தூளி எங்கே, குழந்தை எங்கே என்று அழத் தொடங்கிவிட்டார். அம்மாவுக்கு மூத்ததாக ஓர் ஆண் குழந்தை பிறந்து அந்த வீட்டில் இறந்தது எங்கள் தலைமுறையில் யாருக்குமே தெரியாது. ஒன்றுவிட்ட பாட்டி ஒருவர்தான் பிறகு சொன்னார். பழைய இடத்தைத் தேடிப் போகும் முன் உறவில் மூத்தவர்களிடம் விசாரித்துவிடுங்கள். அழும்போது "குழந்தை எப்போதோ போய்விட்டது" என்று திருத்தவும் வேண்டாம், அவருக்கு அது அன்று நடந்த சாவு. "குழந்தை எப்படி இருப்பான், அம்மாயி?" என்று கேட்டாள் என் சித்தி. முடி சுருட்டை என்று சொல்லிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினார்.

காங்கேயம் பக்கம், இப்போது திருப்பூர்

நார் எங்கே கிடைக்கும் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். கயிறு விற்கும் சந்தைக் கடைகளில் சொல்லிவைத்தால் திரிக்காத நாராகவே தருவார்கள். வாங்கும்போது முள்நுனி இல்லாமல் சீவியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலருக்குக் கத்தாழைச் சாறு பட்டால் அரிக்கும், ஆகவே நன்றாகக் காய்ந்ததே நல்லது. விறகடுப்பு, சிம்னி விளக்கு வைக்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். நெருப்பு எதுவும் வேண்டாம். முதியோருக்கான அரசு உதவி எண் 14567 என்பதைக் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம், அப்பாவை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நாள் வந்தால் யாரைக் கேட்பது என்று எங்களுக்கும் தெரிய வேண்டுமே.