9.3×62-இல் ஒரு மூஸ் ரைஃபிள்: கட்டலாமா, வேண்டாமா?

வடகாட்டான் (டிம்மின்ஸ், ஒன்ராறியோ)

கையில் ஒரு செக் இராணுவ ரைஃபிளின் (வி.இசட். 24) ஆக்‌ஷன் இருக்கிறது. குழலும் கட்டையும் போக, தோட்டாவை ஏற்றிச் சுடுகிற இயங்குபகுதி அது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு செக் நாட்டுப் புர்னோவில் செய்தது. ரிசீவரிலும் (வெளிக்கூடு) போல்ட்டிலும் (அதற்குள் முன்னும் பின்னும் நகரும் பூட்டுத்தண்டு) ஒரே எண், எங்கும் துரு இல்லை. குழல்தான் உள்ளே அரித்துப்போய்ப் பயனற்றுக் கிடக்கிறது. இதை ஒரு நல்ல கன்ஸ்மித்திடம் (துப்பாக்கிக் கைவினைஞர்) கொடுத்து, 9.3 மில்லிமீட்டர் குண்டும் 62 மில்லிமீட்டர் பித்தளைக் கூடும் கொண்ட 9.3×62 தோட்டாவுக்குக் குழல் போட்டு, வால்நட் கட்டையில் பூட்டி, மூஸுக்கும் (வடநாட்டுப் பெரிய மான்) கருங்கரடிக்கும் ஒரு ரைஃபிளாக ஆக்க நினைக்கிறேன்.

நான் போகும் இடம் முழுக்க ஸ்ப்ரூஸ் காடும் ஆல்டர் புதரும். நூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் கண்ணில் படுவதே அபூர்வம். சதுப்பு ஓரத்தில் வந்து நிற்கிற ஆண் மூஸ் இரண்டு எட்டு வைத்தால் மறைந்துவிடும். 400 கிலோவுக்கு மேல் எடை உள்ள மிருகம் அது. எலும்பு குறுக்கே வந்தாலும் உள்ளே போய் மறுபக்கம் வெளியே வருகிற கனமான குண்டு எனக்கு வேண்டும். இரத்தத் தடம் இல்லாமல் அந்தப் புதருக்குள் தேடுவது எவ்வளவு பாடு என்று போனவர்களுக்குத் தெரியும்.

1905-இல் பெர்லின் துப்பாக்கிக் கைவினைஞர் ஓட்டோ பொக் இந்தத் தோட்டாவை உருவாக்கியதற்கான காரணமும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் இருந்த ஜெர்மன் குடியேறிகளுக்கு ஆங்கிலேயரின் விலை உயர்ந்த இரட்டைக்குழல் ரைஃபிள்கள் எட்டவில்லை. சாதாரண ஜெர்மன் மவுசர் 98 ரைஃபிளுக்குள் அடங்க வேண்டும், பெரிய மிருகத்தையும் நிறுத்த வேண்டும். 18.5 கிராம் குண்டு, விநாடிக்கு 720 மீட்டர் அளவில் வேகம். என் ஆக்‌ஷனும் அந்த 98 வம்சம்தான். காரணத்தோடு சொல்லுங்கள், செய்யலாமா?

முப்பதாறு (தண்டர் பே)

வேண்டாம் தம்பி. ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது, ஆனால் வேண்டாம்.

முதலில் தோட்டா. ஒன்ராறியோவின் வடக்கில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் வழக்கமான தோட்டாக்களான .30-06, .308 இரண்டும் கிடைக்கும். இரும்புச் சாமான் கடையில்கூட இருக்கும். 9.3×62 கேட்டால் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். ஆன்லைனில் வாங்கலாம், சரி. முகாமுக்கு நானூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய் இறங்கிய பிறகு தோட்டாப் பெட்டி வீட்டு மேசையிலேயே இருப்பது தெரிந்தால் என்ன செய்வீர்கள்? மூஸ் டேக்குக்காக (வேட்டை அனுமதிச் சீட்டு) வருஷக் கணக்கில் புள்ளி சேர்த்துக் காத்திருக்கிறோம். அப்படிக் கிடைத்த வாரத்தை ஒரு அபூர்வ கேலிபருக்காக (தோட்டா அளவு) பணயம் வைக்க என்னால் முடியாது.

அடுத்தது செலவு. குழல், அதைப் பொருத்தும் கூலி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) வெட்டும் கூலி, ட்ரிகர், கட்டை, ஸ்கோப் மவுண்ட், நீலமேற்றுதல் எல்லாம் சேர்ந்தால் புது டிக்கா ரைஃபிளின் விலையைத் தாண்டிவிடும். அந்த டிக்காவே 9.3×62-இலும் வருகிறது.

கடைசியாக, சுடும்போது தோளில் விழும் உதை. ஒரே எடையுள்ள ரைஃபிளில் 180 கிரெயின் .30-06-ஐவிட உங்கள் 286 கிரெயின் (நீங்கள் சொன்ன 18.5 கிராம் குண்டுதான்) 9.3 ஒன்றரை மடங்குக்கும் மேலாக உதைக்கும். உதைக்குப் பயந்தவன் பயிற்சியைக் குறைப்பான். பயிற்சி குறைந்தால் குண்டு வயிற்றில் போய் விழும். வயிற்றில் பட்ட மூஸை நான் தேடியிருக்கிறேன். அதைவிடக் கொடுமை வேட்டையில் எதுவும் இல்லை.

கவின்

நான் இப்போதுதான் பி.ஏ.எல் (கனடாவின் துப்பாக்கி உரிமம்) எடுத்திருக்கிறேன். ஒரு சந்தேகம்: கனடா அரசு 2020-இல் கொண்டுவந்த துப்பாக்கித் தடையில் பெரிய கேலிபர்களும் உண்டே, 9.3 அதில் மாட்டிக்கொள்ளாதா?

பட்டறை (ஹாமில்டன்)

மாட்டாது தம்பி. அந்த ஆணையின் எல்லை குழல்வாயில் 10,000 ஜூல் ஆற்றல், அல்லது 20 மில்லிமீட்டர் துளை. 9.3×62 குழல்வாயில் 4,800 ஜூலுக்கு அருகில்தான் இருக்கிறது, அதாவது பாதிகூட இல்லை. ஆனால் இப்போது தனிக் குழல் வாங்கவும் பி.ஏ.எல் காட்ட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடகாட்டானுக்கு: கட்டுங்கள். ஆனால் "அந்த 98 வம்சம்தான்" என்ற நினைப்பில் வேலையைக் குறைத்து எண்ண வேண்டாம். போல்ட் முகத்தில் மாற்றம் தேவையில்லை, உண்மைதான். 9.3×62-இன் அடிவிட்டம் வி.இசட். 24-இன் சொந்தத் தோட்டாவான 8×57-ஐவிட மயிரிழை அதிகம், அவ்வளவுதான். சிக்கல் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) இருக்கிறது. வி.இசட். 24 மேகசின் 8×57-க்காகச் செய்தது. அதன் தோட்டா 82 மில்லிமீட்டர். 9.3×62 முழுத் தோட்டா 83.6 வரை போகும். உள்ளே மிச்சம் இருக்கிற இடம் மிகக் குறைவு.

இதைக் கண்ணால் பார்க்கலாம். மருந்து இல்லாத போலித் தோட்டாக்களை மேகசினில் நிரப்பி, போல்ட்டை மெதுவாகத் தள்ளுங்கள். தோட்டாவின் பின்விளிம்பு மேலே ஏறி, தோட்டாவைப் பிடித்து இழுக்கிற அந்த நீளமான எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியில் நழுவி உட்கார வேண்டும். குண்டின் மூக்கு சரிவில் ஏறி நேராகச் சேம்பருக்குள் போக வேண்டும். பல இராணுவ ஆக்‌ஷன்களில் கடைசித் தோட்டா ஒரு பக்கம் சாய்ந்து மூக்கு சேம்பர் விளிம்பில் முட்டும். ஈய நுனி நசுங்கியிருப்பதைத் தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால் தெரியும். மேகசின் உதடுகளையும் சரிவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சரிசெய்வது கைப்பழக்கம் உள்ளவரின் வேலை. கூடுதலாக ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டால் போன உலோகம் திரும்பி வராது. 98-இன் பெருமையே தோட்டாவை ஆரம்பத்திலிருந்து பிடித்துக்கொண்டு போவதுதான். அது தடுக்கினால் கட்டியதே வீண்.

அப்புறம் போல்ட் கைப்பிடி. நேராக நீட்டிக்கொண்டிருக்கிற பழைய கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்கும், மாற்றியாக வேண்டும். மேலே நிமிர்ந்து நிற்கிற சேஃப்டி இறக்கையும் அப்படியே. தாழ்வாக ஸ்கோப் வைக்கப் பக்கவாட்டில் அசையும் சேஃப்டி வேண்டும். ரிசீவரில் மவுண்ட்டுக்கான துளைகளும் இடச் சொல்ல வேண்டும். கூலிப் பட்டியலில் இவை பெரும்பாலும் முதலில் தெரியாது. செலவைப் பற்றி முப்பதாறு அண்ணன் சொன்னது முழுக்கச் சரி.

பனிமலை (லில்லேஹம்மர், நோர்வே)

இங்கே கேலிபரைப் பற்றிப் பேசுகிற அளவுக்குச் சுடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நோர்வேயிலும் சுவீடனிலும் நூறு வருஷத்துக்கு மேலாக மூஸை வீழ்த்தி வருவது 6.5×55. இரு நாட்டுக் குழு 1890-களில் சேர்ந்து உருவாக்கிய இராணுவத் தோட்டா அது. 10 கிராம் எடையுள்ள நீளமான குண்டு, குண்டைச் சுழற்றும் குழல் பள்ளங்களுக்கு 200 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்ற வேகமான முறுக்கு. நெஞ்சுக்கூட்டில் பக்கவாட்டில் பட்டால் இரண்டு நுரையீரலும் போகும். உதை குறைவு என்பதால் வயதானவர்களும் மெலிந்தவர்களும் நிறையச் சுட்டுப் பழகுகிறார்கள். பெரிய மிருகங்களை வேட்டையாட இங்கே ஒவ்வொரு வருஷமும் நூறு மீட்டரில் ஐந்து குண்டுத் தேர்வில் தேற வேண்டும். அதற்கு முன் முப்பது குண்டு பயிற்சி கட்டாயம். அந்தப் பயிற்சியை 9.3-இல் செய்ய எத்தனை பேர் சந்தோஷமாக வருவார்கள்?

வடகாட்டான் அண்ணா, ஐரோப்பிய கேலிபர்தான் வேண்டும் என்றால் அதே ஆக்‌ஷனில் 6.5×55 குழல் போடுங்கள். தோட்டாவும் கனடாவில் சுலபமாகக் கிடைக்கும்.

வடகாட்டான்

பனிமலை, 6.5 மூஸைக் கொல்லாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. நெஞ்சுக்கூடு பக்கவாட்டில் திறந்து நின்றால் எதுவும் கொல்லும். என் காட்டில் அது அப்படி நிற்பதில்லை. சாய்வாக, தோள் எலும்பை முன்னே வைத்து, இலைகளுக்குள் பாதி மறைந்து நிற்கும். சுடாமல் விடுவது ஒரு வழி, அதை நான் பலமுறை செய்திருக்கிறேன். சாய்கோணத்திலும் ஆழமாகப் போகிற குண்டை வைத்திருப்பது இன்னொரு வழி. சுவீடனில் 9.3×57-உம் 9.3×62-உம் இவ்வளவு பரவியது எதனால்? அங்கே 6.5 ஒவ்வொரு வீட்டிலும் இருந்தும் ஹஸ்க்வர்னா நிறுவனம் 9.3-இல் தொடர்ந்து வேட்டைத் துப்பாக்கி செய்துகொண்டே இருந்தது. அந்தப் பழைய ஹஸ்க்வர்னாக்கள்தான் இப்போது கனடாவின் பழந்துப்பாக்கிக் கடைகளில் வந்து இறங்குகின்றன.

இன்னொன்றும் உண்டு, இறைச்சி. அருகில் வேகமான குண்டு தோளில் பட்டால் இரத்தம் கட்டி, முன்தொடை முழுக்க வெட்டி எறிய வேண்டியிருக்கிறது. 700 மீட்டர் வேகத்தில் போகிற கனமான குண்டு அந்தச் சேதத்தைக் குறைக்கிறது. நான் இறைச்சிக்காக வேட்டையாடுகிறவன். இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

பனிமலை

இறைச்சி விஷயத்தில் மறுக்கமாட்டேன். 9.3-காரர்கள் இங்கேயும் அதையேதான் சொல்கிறார்கள். சாய்கோணத்தில் சுடுவதைப் பற்றி என் கருத்து மாறவில்லை. கேலிபர் பெரிதாகும்போது மனிதனுக்குத் துணிச்சலும் பெரிதாகிறது. சுடாமல் விட்டுவிட வேண்டிய நேரத்திலும் சுடத் தோன்றும்.

மானிடோபா மணி

எல்லோரும் ஐரோப்பாவையே சுற்றுகிறீர்கள். இதே வேலையைச் செய்ய .35 வீலன் இருக்கிறது. 1922-இல் .30-06-இன் கூட்டைக் கழுத்து விரித்துச் செய்தது. அந்தக் கூடு எங்கும் கிடைக்கும். 250 கிரெயின் குண்டு கிட்டத்தட்ட அதே வேகத்தில் போகும். வீலன் குழல் போட்டால் தோட்டாப் பஞ்சம் தீர்ந்தது. ஏன், 9.3×62-ஐயே .30-06 கூட்டிலிருந்து விரித்துச் செய்துகொள்ளலாமே?

பட்டறை

கடைசி வரியை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். .30-06 கூட்டின் அடிப்பகுதி 9.3×62-ஐவிடச் சிறியது. வித்தியாசம் 0.14 மில்லிமீட்டர் அளவில். சுட்டதும் அடிக்கு மேலே ஒரு பக்கமாக உப்பும். அங்கேதான் பித்தளை பலமாக இருக்க வேண்டும். சிலர் செய்கிறார்கள் என்பது தெரியும். லாப்புவா, நோர்மா, பிர்வி பார்ட்டிசான் என்ற நிறுவனங்கள் எல்லாம் சரியான 9.3 கூட்டைச் செய்யும்போது அந்த ஆபத்து எதற்கு?

வீலனைப் பொறுத்தவரை, தொழிற்சாலைத் தோட்டாவாக அது கடையில் 9.3-ஐவிட அதிகமாகக் கிடைக்கிறது என்று சொல்ல முடியாது. ரெமிங்டன் 1980-களின் கடைசியில்தான் அதை முறையாகக் கொண்டுவந்தது. ரெமிங்டன் குழல்களின் முறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, மிகக் கனமான குண்டுக்கு அது மந்தம். 9.3×62-க்கு 360 மில்லிமீட்டர், அதாவது 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது சி.ஐ.பி. (தோட்டா அளவுகளை வகுக்கும் ஐரோப்பிய அமைப்பு) அளவு. யார் செய்த குழலானாலும் கிட்டத்தட்ட இதுதான். 286 கிரெயின் குண்டு எதுவானாலும் நிலையாகப் பறக்கும்.

முப்பதாறு

பட்டறை தம்பி சொல்கிற நுட்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இவ்வளவு கவனமும் கூலியும் பொறுமையும் கேட்கிற ஒரு வேலை, முடிவில் .30-06-இல் 220 கிரெயின் குண்டு போட்டுச் சுடுவதைவிட எவ்வளவு தூரம் முன்னே போகிறது? அந்தக் குண்டின் குறுக்கு அடர்த்தி (அகலத்தோடு ஒப்பிட்ட எடை) 9.3-இன் 286 கிரெயினைவிட அதிகம். ஆழமாகப் போக அதுதான் முக்கியம் என்றால் முப்பதுக்கே அந்தப் பலம் இருக்கிறது.

நூறு மீட்டரில் ஸ்கோப்பைச் சரிசெய்த 9.3 இருநூறில் கிட்டத்தட்ட ஒரு சாண் இறங்கும். .30-06 180 கிரெயின் அதைவிடக் குறைவாக இறங்கும். ஏரிக்கு அக்கரையில் மூஸ் நின்றால் என்ன செய்வீர்கள்?

வடகாட்டான்

அக்கரையில் நின்றால் சுடமாட்டேன் அண்ணா. படகில் சுற்றிப் போய் நெருங்குவேன், முடியாவிட்டால் விடுவேன். இருநூறு மீட்டருக்குக் குழல் வாங்கவில்லை.

220 கிரெயின் வாதம் நியாயமானது, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆழம் ஏறத்தாழ சமம் என்று வைத்துக்கொள்வோம். துளையின் அகலம் சமமில்லை. 7.8 மில்லிமீட்டரில் தொடங்கி விரிகிற குண்டும் 9.3-இல் தொடங்கி விரிகிற குண்டும் வெளியேறும் ஓட்டையில் வித்தியாசம் காட்டும். எனக்கு வேண்டிய இரத்தத் தடம் அந்த ஓட்டையிலிருந்துதான் வருகிறது. மழை பெய்கிற அக்டோபர் மாலையில் வெளிச்சம் போவதற்குள் மிருகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தோட்டா தட்டுப்பாட்டுக்கு என் பதில் எளிது. ஒரே தொகுதி எண்ணில் சில பெட்டி வாங்கி வைத்துவிடுவேன். மூஸுக்காக ஒரு பருவத்தில் சுடுகிற குண்டு விரல்விட்டு எண்ணக்கூடியது. பயிற்சிக்குக் கூட்டை நிரப்பிக்கொள்வேன். உதையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆகவே ரைஃபிளை இலேசாக ஆக்கப் போவதில்லை. ஸ்கோப்போடு நான்கு கிலோவுக்குக் கீழே இறக்கமாட்டேன். கட்டையின் முதுகும் நேராக இருக்கும், தோளில் பதியும் பின்முனையில் நல்ல தடித்த ரப்பரும் வரும்.

கவின்

குழலின் நீளம் என்ன வைக்கப் போகிறீர்கள் அண்ணா? புதருக்குள் நீளம் இடைஞ்சல்தானே, ஆனால் குட்டையாக்கினால் வேகம் போய்விடாதா?

பட்டறை

9.3-க்கு அந்தப் பயம் குறைவு. துளை அகலம், மருந்தின் அளவு அதற்கு ஏற்ப அளவானது. அதிக மருந்து கொண்ட மேக்னம் தோட்டா போல எரிந்து முடிக்க நீளமான குழலைக் கேட்காது. 56 சென்டிமீட்டர் போதும், 52-கூட ஓடும். குட்டையாக்க ஆக்கச் சத்தமும் வாய் அனலும் கூடும், அதை மட்டும் யோசியுங்கள்.

வடகாட்டான், குழலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வேலை: ஆக்‌ஷனை மட்டும் கன்ஸ்மித்திடம் கொடுத்து போல்ட்டைப் பூட்டும் லக் உட்காரும் இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய இராணுவ ஆக்‌ஷன்களில் அந்த இடம் உள்வாங்கியிருந்தால் போல்ட்டைத் தூக்கும்போது ஒட்டும், ஹெட்ஸ்பேஸும் (தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி) கூடிக்கொண்டே போகும். அப்படி இருந்தால் அந்த ரிசீவரில் ஒரு டாலர்கூடப் போட வேண்டாம். போருக்கு முந்திய புர்னோ என்பதால் நம்பிக்கை உண்டு. 1944, 45-இல் அவசரத்தில் செய்த ஆக்‌ஷனாக இருந்திருந்தால் இந்தப் பேச்சையே எடுத்திருக்கமாட்டேன்.

வடகாட்டான்

சரி, முதலில் ரிசீவர் சோதனை. அது தேறினால் போலித் தோட்டா வைத்து மேகசின், அதன் பிறகுதான் குழல். 56 சென்டிமீட்டர், 360 முறுக்கு. ஸ்கோப் 1-இலிருந்து 4 மடங்கு, கழற்றினால் இரும்புக் குறியும் இருக்க வேண்டும்.

முப்பதாறு

கட்டுங்கள், தடுக்கவில்லை. நான் கட்டமாட்டேன், அவ்வளவுதான். இந்த இலையுதிர் காலத்துக்குள் வேலை முடியுமா என்று கன்ஸ்மித்திடம் எழுத்தில் வாங்குங்கள். முடியாவிட்டால் இந்த வருஷ டேக்குக்கு என்னுடைய .30-06 ஒன்று சும்மாதான் இருக்கிறது, எடுத்துப் போகலாம். 220 கிரெயின் ஒரு பெட்டியும் சேர்த்துத் தருகிறேன்.