ரூசோவின் சமத்துவத்தில் பெண்ணின் ஆசைக்கு இடம் உண்டா?

வைகறை:
பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவவாதி ரூசோவைச் சமத்துவத்தின் ஆசான் என்று கொண்டாடுகிறவர்கள் ‘எமீல்’ (1762) நூலின் ஐந்தாம் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த நூலில் வரும் கற்பனை மாணவன் எமீல் யாருக்கும் அடிமையாகாமல் வளர்கிறான். அவனுக்கு மனைவியாக வரப்போகும் சோஃபியோ அவன் மனம் கோணாமல் நடப்பதற்கென்றே வளர்க்கப்படுகிறாள். பெண்ணின் ஆசைக்கு எல்லையில்லை, நாணம்தான் அதற்குக் கடிவாளம், அது இல்லாவிட்டால் ஆண்கள் அழிந்துபோவார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். குடிமக்கள் எல்லோரும் சமம் என்று பேசும் அவருடைய ‘சமூக ஒப்பந்தம்’ வந்ததும் அதே ஆண்டுதான்.

கரிசல்:
அவசரப்படாதீர்கள் வைகறை. சமத்துவமின்மை பற்றி அவர் 1755இல் வெளியிட்ட உரையில் உடல் இச்சை வேறு, ஒருவரையே நினைத்து ஏங்கும் காதல் வேறு என்று பிரிக்கிறார். இச்சை தீர்ந்தால் அதோடு சரி. போட்டி, பொறாமை, ‘எனக்கு மட்டும்’ என்ற வெறி எல்லாம் சமூக வாழ்க்கையில் வளர்ந்தவை. ஆசைக்கும் வரலாறு உண்டு என்பது சாதாரணக் கண்டுபிடிப்பா?

வைகறை:
காதலை ஊதிப் பெருக்கியவர்கள் பெண்கள், அதுவும் தங்கள் ஆதிக்கத்துக்காக என்று அதே உரையில் எழுதுகிறாரே! சரி, பொறாமை சமூகம் கற்பித்தது என்றால் நாணம் மட்டும் எப்படி இயற்கையாகும்? ஜெனீவாவில் நாடக அரங்கு வேண்டாம் என்று 1758இல் பிரெஞ்சு அறிஞர் தாலம்பேருக்கு எழுதிய கடிதத்தில், நாணம் இயற்கையே என்று வாதாடுகிறார். அப்புறம், அப்படி இல்லையென்றே வைத்துக்கொண்டாலும் பெண் வீட்டோடு இருப்பதே சமூகத்துக்கு நல்லது என்கிறார். முடிவை முதலிலேயே எடுத்துவிட்டார், இயற்கை பெயருக்குத்தான்.

பெண்ணுரிமைக்காக எழுதிய ஆங்கில எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792இல் பிடித்தது இதைத்தான். பெண் குழந்தைக்குப் பொம்மை மேல் பிரியம் பிறவியிலேயே வருகிறது என்றார் ரூசோ. ஓடியாட விடாமல் உட்காரவைத்தால் வேறு எதோடு விளையாடும் என்று திருப்பிக் கேட்டார் வுல்ஸ்டன்கிராஃப்ட்.

ஆலமரத்தடி:
இருவருமே ரூசோவுக்கு முந்தைய ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸை விட்டுவிட்டீர்கள். அவருடைய ‘லெவியாதன்’ நூல் 1651இலேயே சொல்கிறது: திருமணச் சட்டம் இல்லாத நிலையில் தகப்பன் யார் என்பது தாய் சொன்னால்தான் தெரியும், ஆகவே பிள்ளை மேல் அதிகாரம் தாய்க்கே. நாணத்தைப் பற்றிய பேச்சே அந்த வாதத்துக்குத் தேவைப்படவில்லை.

கரிசல்:
அரசு வந்த பிறகு? பெரும்பாலும் அரசுகளை நிறுவியவர்கள் தகப்பன்மார், அதனால் சட்டமும் பெரும்பாலும் அவர்கள் பக்கம் என்று ஹாப்ஸ் எழுதிவிட்டுக் கடந்துபோகிறார். அது நியாயமா என்று கேட்கவில்லை. இயற்கை என்று நாம் நம்புவது வெறும் பழக்கமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை 1755 உரை எழுப்பியது. வுல்ஸ்டன்கிராஃப்ட் ரூசோவுக்கு எதிராகக் கையில் எடுத்ததும் அதே சந்தேகம்தான்.