கல்விக்கடன் பாக்கியோடு எச்-4 விசாவில் அமெரிக்கா: இ.எம்.ஐ., கணக்கு, வீட்டுப் பத்திரம்

மதுரைமல்லி:
எம்.பி.ஏ.வுக்கு அரசு வங்கியில் வாங்கிய கல்விக்கடனில் இன்னும் 9 லட்சம் பாக்கி. 10.5% வட்டி, 10 வருடம், இ.எம்.ஐ. சுமார் 12,150 ரூபாய். அப்பா இணைக் கடன்தாரர், அவர் பெயரில் உள்ள வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. கணவர் டெக்சாஸில் எச்-1பி (வேலை விசா). எனக்கு எச்-4 (எச்-1பி வைத்திருப்பவரின் மனைவிக்கான விசா) ஸ்டாம்பிங் முடிந்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்ப வேண்டும், வேலையை விடுகிறேன். இ.எம்.ஐ. இப்போது வேறொரு வங்கியில் இருக்கும் என் சம்பளக் கணக்கிலிருந்து போகிறது. கடன் இருப்பதால் ஏர்போர்ட்டில் நிறுத்துவார்கள் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். அங்கே போய்க் குறைந்த வட்டிக்கு மாற்றிவிடலாமா?

கவுன்ட்டர்3:
சொந்தக்காரர்கள் சொல்வதை விடுங்கள். ஒழுங்காகக் கட்டிவரும் கடனுக்காக யாரையும் விமான நிலையத்தில் நிறுத்துவதில்லை. விசா படிவத்திலும் கடனைப் பற்றிக் கேள்வி கிடையாது. வெளிநாட்டுவாசி ஆனபின்பும் பழைய ரூபாய்க் கடன் அதே தவணைக் காலத்துக்குத் தொடரலாம். அங்கிருந்து வங்கி வழியாக வரும் பணத்தாலோ இங்கே உங்களுக்கு உள்ள பணத்தாலோ கட்டலாம்.

உண்மையான ஆபத்து அந்தச் சம்பளக் கணக்கில்தான். சம்பளம் நின்றதும் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காகிவிடும். பிறகு மினிமம் பேலன்ஸ் இல்லையென்று அபராதம் பிடிப்பார்கள், இ.எம்.ஐ.க்கு நூறு ரூபாய் குறையும், நாச் (கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) திரும்பும். இரண்டு வங்கியும் தனித்தனியாகக் கட்டணம் போடும். நாச் பவுன்ஸ் ஆனால் செக் பவுன்ஸ் மாதிரியே வழக்குப் போடச் சட்டத்தில் இடமும் உண்டு.

எனவே கிளம்பும் முன்பே, கடன் உள்ள வங்கியிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, அதிலிருந்து பிடிக்க ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுங்கள். புதிய கணக்கிலிருந்து ஒரு தவணை போனதைப் பார்த்த பிறகே பழைய நாச்சை ரத்து செய்யுங்கள். மூன்று தவணைக்கான பணம், அதாவது 36,500 ரூபாய், எப்போதும் அதில் கிடக்கட்டும்.

அங்கே குடியேறிய பிறகு அந்தக் கணக்கைச் சாதாரணக் கணக்காகவே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ.வாக (வெளிநாட்டில் வசிப்பவர் தன் இந்தியப் பணத்துக்கு வைக்கும் ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்: மாற்றும்போது கணக்கு எண் மாறினால் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷனும் செத்துவிடும். எண் அதேதானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டாலர்தோழன்:
அமெரிக்கப் பக்கத்தை நான் சொல்கிறேன். கடனை அங்கே மாற்றும் யோசனையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எச்-4ல் வேலை அனுமதி தானாக வராது. கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காகப் போடும் மனு) அங்கீகாரம் ஆகியிருக்க வேண்டும், அல்லது அவருடைய எச்-1பி ஆறு வருடத்தைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். அதுவரை சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை, கிரெடிட் வரலாறு இல்லை, சொந்த வருமானமும் இல்லை. உங்களுக்கு யார் ரீஃபைனான்ஸ் தருவார்கள்?

கல்விக்கடன் வட்டிக்கு அங்கே 2,500 டாலர் வரை வரிக்கழிவு உண்டு என்று படித்திருப்பீர்கள். படித்த கல்லூரி அமெரிக்கக் கல்வித் துறையின் மாணவர் உதவித் திட்டங்களுக்குத் தகுதி பெற்றதாக இருந்தால்தான் அது. நம் ஊர்க் கல்லூரி பெரும்பாலும் அதில் வராது.

பணம் அனுப்ப, உங்கள் பெயரில் (கணவரோடு சேர்ந்தும் திறக்கலாம்) ஒரு என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தை ரூபாயில் வைக்கும் கணக்கு) வைத்து அதிலிருந்து கடனைக் கட்டுங்கள். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். 2026 ஜனவரி முதல் ரொக்கம், மணி ஆர்டர் போன்றவற்றால் அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் 1% வரி. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் அது கிடையாது.

மாதம் 20,000 ரூபாயாகக் கட்ட முடிந்தால் கடன் 58 மாதத்தில் தீரும். வட்டி 5.57 லட்சத்திலிருந்து சுமார் 2.5 லட்சமாக இறங்கும். ஃப்ளோட்டிங் வட்டி என்றால் முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லை. ஆனால் கூடுதல் தொகை அடுத்த தவணைக்கான முன்பணமாகப் போகாமல் அசலில் கழிகிறதா என்று ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள்.

மதுரைமல்லி:
நன்றி. நடுவில் சில மாதம் கட்ட முடியாமல் போனால்? அப்பாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டுமா?

கவுன்ட்டர்3:
90 நாள் தாண்டினால் வாராக்கடன். உங்கள் அமெரிக்க கிரெடிட் ரிப்போர்ட்டில் அது தெரியாது, அதனால்தான் சிலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். இங்கே அப்பாவின் சிபில் (கடன் மதிப்பெண்) அடிவாங்கும், வீட்டின் மேல் சர்ஃபேசி (அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் சட்டம்) நோட்டீஸ் வரும். கஷ்டம் வரும் என்று தெரிந்தால் முதல் தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்கு மின்னஞ்சல் அனுப்பித் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள். வாராக்கடன் ஆனபின் கேட்டால் பேரம் பேச இடமிருக்காது. தேர்தல் வந்தால் தள்ளுபடி வரும் என்று காத்திருப்பதும் வேண்டாம்.

பவரை அப்பாவுக்குக் கொடுத்துப் பெரிய பயனில்லை, அவர் ஏற்கெனவே கடனில் கையெழுத்துப் போட்டவர். அம்மாவுக்கோ தம்பிக்கோ கொடுங்கள். கிளம்பும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அங்கே போய் எழுதினால் தூதரகத்தில் அட்டெஸ்ட் செய்து அனுப்பி, இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

பத்திரம்பார்ப்பவன்:
ஒன்று விட்டுப்போயிற்று. கடனை முழுதும் கட்டிய 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரத்தைத் தந்தாக வேண்டும், தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் கைக்கு வந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். அடமானம் எம்.ஓ.டி.யாக (பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவாகியிருந்தால், வங்கியிடம் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் எழுதி வாங்கி அதையும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே நிற்கும், வீட்டை விற்கப் போகும்போதுதான் தெரியும்.

வரிக்கணக்கு:
80ஈ (கல்விக்கடன் வட்டிக்கான இந்திய வருமான வரிக் கழிவு) பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய வரிமுறையில் இருந்தால், இந்த நிதியாண்டில் உங்கள் சம்பளத்திலிருந்து கட்டிய வட்டியைக் கழிக்கலாம். இனி கணவர் கட்டினால் அவரால் கேட்க முடியாது, கடன் அவர் பெயரில் இல்லை. அப்பா தன் வருமானத்தில் கட்டினால் இணைக் கடன்தாரராக அவர் கேட்கலாம். வட்டி கட்டத் தொடங்கிய வருடத்தையும் சேர்த்து மொத்தம் எட்டு வருடம்தான்.