சூடானா நின்னுபோற ஹோண்டா சி70: இன்ஜினை இறக்கணுமா?

பாகான்_கப்சாய்:
சி70 மோட்டார் சைக்கிள், 6 வோல்ட், பாயிண்ட் (ஸ்பார்க்கை விடுற தொடுப்பு) வச்சது. ரொம்ப வருஷம் போர்ச்சுல நின்ன வண்டி. கார்பரேட்டர் கழுவியாச்சு, பிளக் புதுசு, எண்ணெய் மாத்தியாச்சு. காலையில ரெண்டாவது உதையிலேயே பிடிக்குது. 15 நிமிஷம் ஓடினா ஐடில் குறைஞ்சு நின்னுடுது. அப்போ கிக்கை மிதிச்சா லேசா இறங்குது. அரை மணி நேரம் ஆறினா பழையபடி ஓடுது. வர்க்‌ஷாப்ல இன்ஜினை முழுசா இறக்கணும்கிறாங்க. வீட்டிலேயே பார்க்கணும்னா எங்கே தொட?

ஓவர்சைஸ்_50:
இறக்காதீங்க தம்பி. கிக் லேசா இறங்குதுன்னு விடையை நீங்களே எழுதிட்டீங்க. காயிலோ கன்டென்சரோ சூட்டுல படுத்தா ஸ்பார்க்தான் போகும், கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) போகாது. காலுக்கு எதிர்ப்பே இல்லைன்னா வால்வு மூடலை.

எக்ஸாஸ்ட் வால்வு ஓட ஓட அது உட்கார்ற சீட்டுக்குள்ள இறங்கும், தண்டு ராக்கரை (வால்வை அமுக்குற கையை) நெருங்கும். ஆறின இன்ஜின்ல மயிரிழை இடம் மிச்சம் இருக்கும். சூட்டுல தண்டு நீண்டதும் அதுவும் போயிடும்.

ராத்திரி முழுக்க ஆற விட்டு காலையில பாருங்க. வெதுவெதுன்னு இருந்தாலும் அளவு பொய் சொல்லும். பிளக்கைக் கழட்டுங்க, ஃப்ளைவீல் கவரைத் திறங்க. ராக்கரை மூடியிருக்கிற டேப்பெட் மூடி ரெண்டும் 17 ஸ்பேனர். கீழ் மூடியைச் சுத்தி மண் அப்பியிருக்கும், பிரஷ் போட்டுட்டுத் திறங்க, இல்லைன்னா அத்தனையும் உள்ளே. ஃப்ளைவீலை இடப்பக்கமாச் சுத்தி ‘டி’ கோட்டைக் கேஸ் குறியோட சேருங்க, பிஸ்டன் உச்சிக்கு வந்திருக்கும். ரெண்டு ராக்கரும் விரலுக்கு ஆடணும். ஆடலைன்னா அது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக், இன்னொரு முழுச் சுத்து.

கிளியரன்ஸ் (தண்டுக்கும் ராக்கருக்கும் நடு இடம்) ரெண்டுக்குமே 0.05 மி.மீ. லாக் நட் 9 ஸ்பேனர். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும், அதனால இறுக்கினப்புறம் திரும்பவும் ஃபீலர் (அளவுத் தகடு) விடுங்க. பாதிப் பேர் கோட்டை விடுறது இங்கேதான்.

தாமான்_டூல்பாக்ஸ்:
அண்ணே சொன்னது சரி. 0.05 வச்சும் கம்ப்ரஷன் வரலைன்னா என்ன பண்றதுன்னு சேர்த்துக்கிறேன். ரிங்கா வால்வான்னு தெரிய பிளக் ஓட்டையில எண்ணெய் ஊத்திப் பார்க்கச் சொல்லுவாங்க. இந்த இன்ஜின்ல சிலிண்டர் படுத்திருக்கு, எண்ணெய் அடியில தேங்கிடும், ரிங்கைச் சுத்திப் பரவாது. அதை நம்பி முடிவு எடுக்காதீங்க. ‘டி’யில நிறுத்தி பிளக் ஓட்டை வழியா காத்து விடுங்க. சைலன்சர்ல ‘உஸ்’ன்னா எக்ஸாஸ்ட் வால்வு, கார்பரேட்டர்ல கேட்டா இன்லெட், டிப்ஸ்டிக் ஓட்டையில கேட்டா ரிங்.

வால்வுதான்னா சிலிண்டர் ஹெட்டை மட்டும் கழட்டினா போதும். வால்வைச் சீட்டோட வச்சு கிரைண்டிங் பேஸ்ட்டால உரசுங்க, அறுபடாத சாம்பல் வளையம் வரணும். போர்ட்டுல பெட்ரோல் ஊத்தினா ஒழுகக்கூடாது. செம்பு வாஷர் எந்த ஸ்டட்டுல இருந்துச்சுன்னு கழட்டும்போதே போட்டோ எடுத்துடுங்க. அந்த ஸ்டட் வழியாத்தான் எண்ணெய் ஏறுது, மாத்திப் போட்டா அங்கேர்ந்தே கசியும். ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்கா, ரெண்டு மூணு தடவையா, 9 முதல் 12 நியூட்டன் மீட்டர் வரைக்கும் இறுக்குங்க. அலுமினியம், கைபலம் காட்டாதீங்க.

லோரோங்_கூலிட்_ஞாயிறு:
எண்ணெய் டப்பாவுல ‘ஜாசோ எம்ஏ’ன்னு (மோட்டார் சைக்கிள் எண்ணெய்த் தரம்) போட்டிருக்கா பாருங்க. கிளட்ச் எண்ணெய்க்குள்ளேயே ஓடுது, கார் எண்ணெய் சிலது கிளட்ச்சை வழுக்க விட்டுடும். டிப்ஸ்டிக்கை முறுக்காம, சும்மா வச்சு எடுத்து அளவு பாருங்க.

டேங்குல துரு இருந்தா பேக்கரி சாமான் கடையில சிட்ரிக் ஆசிட் கிடைக்கும். லிட்டருக்கு 100 கிராம், ஒரு ராத்திரி. அப்புறம் சோடா உப்புத் தண்ணி, உடனே ஹேர் டிரையர். நம்ம பினாங்கு ஈரத்துல அப்படியே காய விட்டா கண்ணெதிரேயே திரும்பத் துரு பிடிக்கும். காஞ்சதும் கொஞ்சம் டூ-டி (டூ ஸ்ட்ரோக்) எண்ணெய் விட்டுக் குலுக்கி வைங்க.

யாராவது மலிவா வேற இன்ஜின் தர்றேன்னா அவசரப்படாதீங்க. கிரான்ட்டுல (வண்டிப் பதிவுப் பத்திரத்துல) இன்ஜின் நம்பர் இருக்கு, மாத்தினா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) வேலை வேற.

பாகான்_கப்சாய்:
திறந்தாச்சு. இன்லெட் 0.08. எக்ஸாஸ்ட்ல 0.04 தகடே நுழையலை. ரெண்டையும் 0.05 வச்சேன். ஒரு மணி நேரம் ஓட்டியும் நிக்கலை. ஆனா ஆக்சிலேட்டரை விட்டா ‘பட்பட்’ன்னு சைலன்சர்ல வெடிக்குது.

ஓவர்சைஸ்_50:
முதல்ல சைலன்சர் கேஸ்கெட்டைப் பாருங்க. அங்கே காத்து இழுத்தா அப்படித்தான் வெடிக்கும். அது நல்லா இருந்தா ஏர் ஸ்க்ரூவைக் கால் சுத்து உள்ளே விடுங்க, அப்புறம் பாயிண்ட். ஃப்ளைவீல்ல ‘எஃப்’ கோடு (ஸ்பார்க் விழற இடம்) வரும்போது திறக்க ஆரம்பிக்கணும், முழுசாத் திறந்தா 0.3 முதல் 0.4 மி.மீ. எக்ஸாஸ்ட் கிளியரன்ஸை 500 கிலோமீட்டர்ல திரும்ப அளங்க. மறுபடி குறைஞ்சிருந்தா சீட் தேயுது, ஹெட் கழட்டத்தான் வேணும்.