தோலுக்கு வைட்டமின் ஏ: எந்த மாத்திரை வாங்கலாம்?

திண்டுக்கல்_மல்லி:
எனக்கு 31 வயது. ஐந்தாறு வருடமாக மேல்கையின் பின்பக்கம் சொரசொரவென்று சின்னச் சின்ன முள். தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். அரிப்போ வலியோ இல்லை, ஆனால் கையில்லாத ஜாக்கெட் போட மனசு வருவதில்லை. கூட வேலை பார்க்கும் தோழி, "இது வைட்டமின் ஏ குறைவு" என்று சொல்லி, தான் தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டையைக் காட்டினாள். ஒன்றில் 25,000 யூனிட். கடையில் கேட்டால் அது, மீன் எண்ணெய், பீட்டா கரோட்டின் என்று மூன்றையும் எடுத்து வைக்கிறார்கள். எதை வாங்கலாம்? ஏற்கெனவே ஒரு மல்டிவைட்டமின் எடுக்கிறேன். அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது.

மருந்துக்கடை_அக்கா:
மல்லி, கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இதில் முக்கியம். 22 வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன், அதனால் அழுத்தியே சொல்கிறேன்: அந்த 25,000-ஐ வாங்காதீர்கள். அந்த மாத்திரையில் இருப்பது ரெட்டினால், அதாவது உடம்பு நேராகப் பயன்படுத்தும் வைட்டமின் ஏ. அது அளவுக்கு மீறினால் கருவின் முகம், இதயம், மூளை உருவாவதைக் கெடுக்கும். அதெல்லாம் உருவாகத் தொடங்குவது முதல் சில வாரங்களில். நாள் தள்ளிப்போனது நமக்குத் தெரிவதற்குள் பாதிப்பு நடந்திருக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு யூனிட் ரெட்டினால் 0.3 மைக்ரோகிராம். 25,000 யூனிட் என்றால் 7,500 மைக்ரோகிராம். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 840 போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன அளவு. பெரியவர்களுக்கு மேல் வரம்பே 3,000தான். வைட்டமின் சி கூடினால் சிறுநீரில் போய்விடும். இது போகாது, ஈரலில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. இரண்டாவதில் ரெட்டினால் உண்டு. பீட்டா கரோட்டினை உடம்பு தேவைக்குத்தான் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும், அதனால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் புகைபிடிப்பவர்களுக்கு அது ஆகாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினம் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 1994-ல் வந்த முடிவு அது.

கரூர்_தறி:
பருவுக்காக யாரையும் கேட்காமல் ஐந்து மாதம் தினமும் 50,000 யூனிட் போட்டவன் நான். உதடு வெடித்தது, முடி கொட்டியது, கால் தோல் உரிந்தது. தோல் காய்கிறதே, இன்னும் குறைவு போல என்று நினைத்து அதன் மேலேயே தொடர்ந்தேன். அப்புறம் விடாத தலைவலி. ரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவுகள் ஏறியிருந்தன. நிறுத்தி மூன்று மாதம் கழித்துத்தான் சரியானது. குறைந்தாலும் தோல் வறளும், கூடினாலும் வறளும் என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை.

நெல்லை_வாசகி:
எனக்கும் அதே இடத்தில் அதே முள். தோல் மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அம்மாவுக்கும் இருக்கா?" கெரட்டோசிஸ் பைலாரிஸ் என்றார். குடும்பவாகு, குறைபாடு கிடையாது. உண்மையான குறைவில் வருவதைத் தேரைத்தோல் என்கிறார்கள். அது முழங்கை, முழங்கால், தொடைப் பக்கம் தடித்து வரும். அந்தி மங்கினால் கண் தெரிகிறதா என்பதையும் கேட்டார். எனக்கு யூரியா க்ரீம்தான் எழுதிக் கொடுத்தார். குளித்த ஈரத்தோடு தடவுவேன், ஆறு வாரத்தில் பாதி அடங்கியது. விட்டால் திரும்ப வரும். ட்ரெடினாயின் க்ரீம் கேட்காதீர்கள், அதுவும் வைட்டமின் ஏ வகைதான், குழந்தைக்கு முயற்சி செய்யும்போது அதுவும் வேண்டாம்.

திண்டுக்கல்_மல்லி:
அம்மாவிடம் கேட்டேன். கையைத் திருப்பிக் காட்டினார், அதே முள்! மல்டிவைட்டமின் டப்பாவில் 2,500 யூனிட் ரெட்டினைல் (ரெட்டினால் வகைதான்) என்று இருக்கிறது. அதை மகப்பேறு மருத்துவரிடமே காட்டப் போகிறேன். தோழியிடமும் கணக்கைச் சொல்லிவிட்டேன். அக்கா, ஞாயிறுதோறும் ஆட்டு ஈரல் சாப்பிடுவோமே, அது?

மருந்துக்கடை_அக்கா:
ஈரலில் ரெட்டினால் குவிந்து கிடக்கும் மல்லி. குழந்தை பிறக்கும்வரை அதைத் தள்ளி வையுங்கள். முருங்கைக்கீரையை எண்ணெய் விட்டு வதக்கிச் சாப்பிடுங்கள், எண்ணெய் சேர்ந்தால்தான் அதிலுள்ள கரோட்டின் உடம்பில் ஏறும்.