தமிழ் சீரியல் மட்டும் பார்த்தாலும் டிவி லைசென்ஸ் கட்ட வேண்டுமா?

ஹாரோ ரவி: டிவி பார்க்கும் வீடுகளிடம் பிபிசிக்காக வாங்கும் ஆண்டுக் கட்டணம்தானே பிரிட்டனில் இந்த டிவி லைசென்ஸ்? லண்டனில் எங்கள் வீட்டில் யாரும் பிபிசி பக்கமே போவதில்லை. அம்மா மட்டும் ஊரில் இரவு எட்டு மணிக்குப் போடும் சீரியலை, இங்கே கோடையில் மதியம் மூன்றரைக்கு, செயலியில் நேரலையாகவே பார்க்கிறார். லைசென்ஸ் கேட்டு, 'சட்டப்படி குடியிருப்பவருக்கு' என்று கடிதம் வந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் கட்டணத்தை 174.50 பவுண்டு ஆக்கினார்கள். கட்டத்தான் வேண்டுமா?

நளாயினி: கட்டத்தான் வேண்டும் தம்பி. எந்த நாட்டுச் சேனல், என்ன மொழி என்பதெல்லாம் கணக்கில்லை. ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால், பதிவு செய்தால், லைசென்ஸ் தேவை. டிவி, போன், லேப்டாப் எல்லாம் ஒன்றுதான். யூடியூபில் ஓடும் செய்திச் சேனல் நேரலைக்கும் இதே விதி. பிபிசியின் இணையச் செயலியான ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சி பார்த்தாலும் வேண்டும். அந்த ஓட்டையை 2016 செப்டம்பரில் அடைத்துவிட்டார்கள்.

கடுங்காப்பி: சென்னையில் எடுத்த சீரியலுக்கு பிபிசிக்கு எதற்கு அக்கா தண்டம்? செயலிக்குத் தனியாகச் சந்தா கட்டுகிறோமே. ரவி, கடிதத்தைக் குப்பையில் போடுங்கள். ஆள் வந்தாலும் வாரண்ட் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது.

நளாயினி: வாரண்ட் விஷயம் சரி. ஆனால் வழக்கானால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகும், கோர்ட்டுச் செலவு வேறு. அதையும் சொல்லிவிட்டு யோசனை சொல்லுங்கள். அப்புறம், பிபிசி தமிழ் அடங்கிய உலக சேவையின் செலவில் பெரும்பங்கும் இந்தப் பணத்திலிருந்துதான் வருகிறது.

கடுங்காப்பி: பிபிசியின் தமிழோசை வானொலியை 2017இல் இழுத்து மூடினார்களே, அது எந்தக் கணக்கு? ஒரு தலைமுறையே அதைக் கேட்டுத்தான் ஊர்ச் செய்தி அறிந்தது. பிடித்தவர்கள் பிபிசிக்குச் சந்தா கட்டட்டும். எல்லார் தலையிலும் ஏன்?

நளாயினி: சட்டத்தை மாற்றச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ரவி கேட்டது இன்றைய விதியை. பணம் கட்டாமல் தப்ப நேர்வழியே இருக்கிறது: சீரியல் முடிந்தபிறகு செயலியில் ஏறும், அதைப் பார்த்தால் லைசென்ஸ் வேண்டாம். ஐபிளேயரையும் தொடக்கூடாது. 'எங்களுக்குத் தேவையில்லை' என்று இணையத்தில் பதிந்துவிடலாம்.

மாடியறை: நான் ஒரு வீட்டில் அறை மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் லைசென்ஸ் போதுமா?

நளாயினி: உங்கள் அறைக்குத் தனி ஒப்பந்தம் என்றால் பொதுவாக உங்களுக்குத் தனி லைசென்ஸ். எல்லாரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் வீட்டுக்கு ஒன்று போதும்.

ஹாரோ ரவி: ஒரு மணி நேரம் தள்ளிப் பார்க்க அம்மா சம்மதித்துவிட்டார். பதிந்துவிடுகிறேன்.

கடுங்காப்பி: கிரிக்கெட்?

நளாயினி: நேரலை மேட்ச் என்றால் அமேசானில் வந்தாலும் லைசென்ஸ் வேண்டும்.

ஹாரோ ரவி: அப்படியானால் மாதத் தவணையில் கட்டிவிடுகிறேன். சீரியலைத் தள்ளிவைக்கலாம், கடைசி ஓவரைத் தள்ளிவைக்க முடியாது.